கோயில்காட்டைக் காக்க: ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரின் வழிமுறை

1983-இல் ஒரு காட்டைத் தரிசு என்று எழுதியவன் நான். அப்போது வயது இருபத்தைந்து. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், ஊரார் வாயில் யூ.டி.ஆர்., நடந்துகொண்டிருந்தது. 1979-இல் தொடங்கி 1987 வரை தமிழ்நாட்டுக் கிராமக் கணக்குகள் புதிதாக எழுதப்பட்ட காலம் அது. புதுக்கோட்டைச் சீமையில் ஓர் அய்யனார் கோயில். அதைச் சுற்றிப் பதினோரு ஏக்கர் காடு. அளவுச் சங்கிலியை உள்ளே இழுக்க வழியில்லாமல் கொடிகள் பின்னிக் கிடந்தன. உச்சி வேளையிலும் தரையில் வெயில் விழவில்லை. ஓரத்தோடு அளந்துவிட்டு வந்தேன். பழைய கணக்கின் குறிப்புக் கலத்தில் 'அய்யனார் கோயில் காடு' என்று இருந்தது. நான் கோயில் நின்ற ஆறு சென்ட்டை மட்டும் தனி உட்பிரிவாக்கிக் 'கோயில் புறம்போக்கு' என்று எழுதினேன். மீதி இடத்தில் பயிர் இல்லை, வீடு இல்லை. 'அரசு தரிசு' என்று போட்டுவிட்டுக் குறிப்புக் கலத்தை வெறுமனே விட்டேன். இரவு ஒன்பது மணிக்கு அரிக்கேன் விளக்கில் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு மூன்று சொற்கள் மிச்சம்.

அதன் பலன் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்தது. ஒரு கட்டடத்துக்கு இடம் தேடிய ஓர் அலுவலகம் கணக்கைப் புரட்டியபோது, சாலையோரமாக, யார் பெயரும் இல்லாமல், பதினோரு ஏக்கர் தரிசு கண்ணில் பட்டுவிட்டது. அந்த ஊர்க்காரர்கள், ஓய்வுபெற்ற சர்வேயர் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டு என்னிடமே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நீட்டியது கணினி நகல்தான். ஆனாலும் புல எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று தொடங்கி இதுவரை பதினான்கு கோயில்காடுகளின் கணக்கைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடாரி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே காடு கணக்கிலிருந்து போய்விடுகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. உங்கள் ஊர்க் கோயில்காடு யாரோ வைத்த தோப்பு அல்ல. சோழமண்டலக் கரையோரச் சமவெளியில் ஒரு காலத்தில் பரவிக் கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனாலும் சித்திரை வெயிலில் இலை உதிர்க்காமல் பச்சையாக நிற்கும். காயா, வீரை, உலக்கைப்பாலை, குருந்து, அழிஞ்சில் இவையெல்லாம் அதன் மரங்கள். சமவெளி முழுவதும் வயலாகவும் ஊராகவும் ஆகிவிட்ட பிறகு, சாமிக்குப் பயந்து கத்தி வைக்காத இடங்களில்தான் அது தங்கியது. விழுப்புரம் மாவட்டம் கீழ்ப்புதுப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் ஊரில் இருப்பது என்னவென்று அங்கே விளங்கும்.

முதலில் புல எண்

'காடு கோயிலுக்குச் சொந்தம்' என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். அதை நம்பி ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். கிராமத்தின் ஒவ்வொரு புலமும் எந்த வகை நிலம் என்று சொல்வது 'அ' பதிவேடு; தமிழக அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் அதன் விவரத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். புல எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காடு பெரும்பாலும் ஒரே எண்ணில் இருக்காது. இரண்டு மூன்று புலங்களிலும் உட்பிரிவுகளிலும் சிதறிக் கிடக்கும். ஒன்றைக்கூட விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். விடுபட்ட எண்ணில்தான் முதல் வெட்டு விழும்.

பதிவேட்டில் மூன்று கலங்களைப் பாருங்கள்: வகைப்பாடு, பரப்பு, குறிப்பு. வகைப்பாட்டில் 'கோயில் புறம்போக்கு' அல்லது 'தோப்பு புறம்போக்கு' என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' (தீர்வை என்பது நிலவரி) என்று இருந்தால் உங்கள் காடு அரசுக் கணக்கில் காலி மனை. தனியார் பட்டாவில் இருந்தால் கதையே வேறு. கோயிலுக்கோ ஊழியத்துக்கோ மானியமாக விட்ட பழைய இனாம் நிலமாக இருந்து, இனாம் ஒழிப்புச் சட்டத்தின்போது பூசாரி குடும்பத்துக்கோ வேறு ஒருவருக்கோ போயிருக்கலாம். அதற்கு வழக்கறிஞர் வேண்டும். என் வழிமுறை அங்கே செல்லாது.

பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஊரார் சொல்லும் ஏக்கரும் பதிவேட்டின் ஏக்கரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தவே பொருந்தாது, அது வேறு விஷயம். எவ்வளவு பொருந்தவில்லை என்பதுதான் செய்தி.

அடுத்து, யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல். இதற்காகத்தான் இவ்வளவு பீடிகை. பழைய செட்டில்மெண்ட் கணக்குகள் மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பதிவுத் தபால். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'எங்கள் காட்டை ஏன் தரிசு ஆக்கினீர்கள்?' என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்று தொடங்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க எங்களுக்குத் தெரியும். 'இன்ன கிராமம், இன்ன பழைய புல எண்ணுக்குரிய பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் தருக' என்று மட்டும் கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு சங்கதி போதும்.

கல்லைத் தேடுங்கள்

புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடங்கள். புலப்படம் என்பது ஒரு புலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடம், அலுவலகத்தில் எஃப்.எம்.பி. என்பார்கள்; அதுவும் அதே இணையதளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு மூலையிலும் சர்வே கல் இருக்க வேண்டும். ஒரு காட்டில் ஏழு கற்களில் இரண்டுதான் தரையில் இருந்தன. மூன்றாவது பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாக இருந்தது. அந்த வீட்டு ஆச்சிக்கு அது சர்வே கல் என்றே தெரியாது. மாமனார் காலத்திலிருந்து அங்கே கிடப்பதாகச் சொன்னார். சண்டை போடவில்லை. காப்பி குடித்துவிட்டு, கல்லின் மேலிருந்த குறியைப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம்.

கற்கள் காணாமல் போயிருந்தால் எல்லையை அளந்து கல் நடும்படி வட்டாட்சியருக்கு ஊராட்சியின் பெயரில் மனு கொடுக்கச் செய்யுங்கள். தனி ஆள் கேட்டால் 'உனக்கும் அந்த இடத்துக்கும் என்ன?' என்று முடிந்துவிடும். அளக்க வரும் நாளில் சுற்று நிலக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுங்கள். அவர்கள் முன்னிலையில் அளந்ததுதான் நிற்கும்.

மனு கொடுக்க ஏற்ற நேரம் ஜமாபந்தி. ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் எல்லாக் கிராமக் கணக்குகளும் வட்ட அலுவலகத்தில் தணிக்கைக்கு விரித்து வைக்கப்படும். கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், வட்டாட்சியர் மூவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் நாள் வேறு இல்லை. மற்ற நாளில் மூன்று மாதம் அலைய வேண்டியதை அன்று மூன்று மேசைகளில் முடிக்கலாம். குறிப்புக் கலத்தில் 'கோயில்காடு' என்று ஏற்றக் கோரும் மனுவை அன்றே கொடுங்கள். பழைய பதிவேட்டின் நகலை அதோடு இணையுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

மரங்களின் கணக்கு

கணக்குக்குள் 'காடு' என்ற சொல் வர வேண்டுமானால், அங்கே காடு இருப்பதைக் காட்ட வேண்டும். தெரிந்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்: ஆடு மேய்ப்பவர்கள், மருந்துக்கு வேர் பறிக்கும் பெண்கள், வயதான பூசாரி. அவர்களோடு நான்கு பருவத்திலும் நடங்கள். ஒரே நாளில் எடுத்த பட்டியலில் பூக்காத கொடியெல்லாம் விடுபட்டுப்போகும்.

முதலில் ஊர்ப்பெயர். பிறகு இலையின் இரு பக்கம், பட்டை, பூ, காய் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கிளை நுனியில் ஒரு சாண், பூவோடு, பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவையுங்கள். தெரியாத செடிக்கு நீங்களே அறிவியல் பெயர் சூட்டிவிடாதீர்கள். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இராபினேட் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒன்று இருக்கிறது. அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையும் உதவும். தாவரவியல் பேராசிரியர் ஒருவரின் கையொப்பம் உள்ள பட்டியலை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்காது.

பெரிய மரங்களின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பால் அளந்து எழுதுங்கள். ஆணி அடித்து எண் போடாதீர்கள். சுற்றளவைப் பார்த்து வயதையும் சொல்லிவிடாதீர்கள். காயா மெல்ல வளரும் மரம்; தொடை மொத்தம்கூட இல்லாதது என் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். 'ஆயிரம் ஆண்டு மரம்' என்று சுவரொட்டி அடித்த ஓர் ஊரை எனக்குத் தெரியும். எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொய் என்றது.

இந்தக் கணக்கு வெறும் நோட்டுப் புத்தகமாக நின்றுவிடக் கூடாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், 41-ஆம் பிரிவில், ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு ஏட்டில் ஏற்கெனவே இருக்கக்கூடும். அதில் இருப்பதே உறுப்பினர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். தேடிப் பிடியுங்கள். அந்தக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் பட்டியலை ஏற்றச் செய்யுங்கள்.

கிராம சபை

கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு வாய்ப்பு. தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலர் கூட்டுவார். தீர்மானத்தின் மதிப்பு குறையாது. ஆள் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். குறைவான கையெழுத்தோடு நிறைவேறிய தீர்மானத்தைப் பிறகு யாராவது கிழித்துவிடுவார்கள்.

தீர்மானத்தில் உணர்ச்சி வேண்டாம். கிராமத்தின் பெயர், எல்லாப் புல எண்களும் உட்பிரிவுகளும், மொத்தப் பரப்பு, நான்கெல்லை. இந்த இடத்தை வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கக் கூடாது. கிராமக் கணக்கில் 'கோயில்காடு' என்று குறிக்க வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் 37-ஆம் பிரிவின்படி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்க மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும். அவ்வளவுதான். சான்றிட்ட நகலை அந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

'தலமாக அறிவித்தால் வனத்துறை வேலி போட்டுவிடும், சாமி கும்பிட விடமாட்டார்கள்' என்று யாராவது எழுந்து சொல்வார்கள். எல்லா ஊரிலும் சொல்லியிருக்கிறார்கள். நியாயமான பயம். பதில் தயாராக இருக்கட்டும்: பாரம்பரியத் தலத்துக்கான வழிகாட்டு நெறிகள், உள்ளூர் மக்கள் தாங்களாக முடிவு செய்வதைத் தவிர அவர்களின் வழக்கங்களுக்குக் கட்டுப்பாடு விதிப்பதில்லை. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டம் காசம்பட்டியில் வீரகோவில் காட்டை 2025-இல் இப்படி அறிவித்தார்கள், பரப்பு 4.97 ஹெக்டேர்தான். சின்னக் காடு என்று நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

அறிவிப்பு வந்துவிட்டால் தூங்கிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது, 193 ஹெக்டேருக்கு மேல். இரண்டே ஆண்டில் அதையும் உள்ளடக்கிய இடம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன; 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்கு நடந்தார்கள்; அதே மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை. ஆனால் ஊர் எழுந்தபோது கையில் காட்ட அரசிதழ்ப் பக்கம் ஒன்று இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பல கோயில்காடுகளில் ஊரின் ஒரு பகுதிக்கு இடமில்லை; முதல் மரியாதை யாருக்கு என்பதில் வழக்கு நடக்கும். அந்த நிலையில் 'நம் காடு' என்று கிராம சபையில் பேசினால் பின்வரிசையில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். போகத்தான் செய்வார்கள். காடு எல்லோருக்கும் என்று முதலில் ஆக்குங்கள், பிறகு தீர்மானம் கொண்டுவாருங்கள். ஓர் ஊரில் இதைச் சொன்னதற்கு என்னைத் திரும்ப அழைக்கவில்லை. அந்தக் காட்டின் பாதி இப்போது வண்டி நிறுத்துமிடம்.

பக்தியிடமிருந்து காப்பது

நான் பார்த்த பதினான்கில் ஒன்பது காடுகளுக்கு வந்த ஆபத்து திருப்பணி. வெளியூரில் சம்பாதித்தவர்கள் குலசாமிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். சிமெண்ட் மண்டபம், தகரக் கொட்டகை, தரை ஓடு, ஆழ்துளைக் கிணறு, உயர்கோபுர விளக்கு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து சென்ட் காடு. கொடிகளை அறுத்துவிட்டு 'சுத்தம் செய்தோம்' என்பார்கள்; சருகைக் கூட்டி எரிப்பார்கள். சருகு இல்லாத இடத்தில் அடுத்த தலைமுறைக் கன்று எழாது.

இவர்களை எதிர்த்து நிற்காதீர்கள். இவர்கள்தான் காட்டின் மேல் அக்கறை உள்ள ஒரே கூட்டம். பூசாரியை முன்னிறுத்துங்கள். கூரை வேண்டாம், வெயிலும் மழையும் என் மேல் படட்டும் என்று இருக்கும் சாமிகள் நம் பக்கம் ஏராளம். அந்த வழக்கம் உங்கள் கோயிலில் இருந்தால் அதை ஊர்க்கூட்டத்தில் பூசாரி வாயால் சொல்ல வையுங்கள். கட்டியே தீர வேண்டும் என்பவர்களுக்குக் காட்டுக்கு வெளியே, சாலை ஓரமாக இடம் காட்டுங்கள்: பொங்கல் வைக்கும் கொட்டகை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, நன்கொடையாளர் பெயர்ப் பலகை. பெயர்ப் பலகையைக் கொஞ்சம் பெரிதாகவே அனுமதியுங்கள். ஒரு வீரை மரத்தைவிட அது மலிவு.

மரம் நடும் விழாக்காரர்களும் வருவார்கள். காட்டுக்குள் எதையும் நட வேண்டாம். ஓரத்தில் நெருக்கும் சீமைக்கருவேலை ஆள் வைத்து வெட்டி எடுங்கள். பொக்லைன் இயந்திரம் வேண்டாம், அது வேரோடு மற்றதையும் அள்ளிவிடும். வெட்டிய இடத்தில் பறவை எச்சத்தில் வரும் கன்றுகளுக்கு ஆட்டிடமிருந்து மட்டும் காவல் வையுங்கள்.

வெட்டு விழுந்த காலையில்

இயந்திரம் வந்து நின்றுவிட்டால், ஆட்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஓட்டுநர் கூலிக்கு வந்தவர். தேதி, நேரம் விழும்படி படம் எடுங்கள். பின்னணியில் கோயிலோ சர்வே கல்லோ தெரியட்டும். பொது இடத்தில் மரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். 'அனுமதி எண் என்ன?' என்று கேட்டு, பதிலையும் பதிவு செய்யுங்கள். வட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். தொலைபேசியில் சொன்னது சொன்னதாகாது.

நீதிமன்றம் போக வேண்டி வந்தால் தென் மாவட்டத்தாருக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை; இல்லையென்றால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. தீர்ப்பாயத்துக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். 'பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று இழுப்பவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். வழக்கறிஞரிடம் இரண்டைச் சொல்லுங்கள். காடழிப்பு தொடர்பான கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று, காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி என்றது உச்ச நீதிமன்றம். 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தானின் கோயில்காடுகள் பற்றிய உத்தரவில், நாடு முழுவதும் உள்ள இத்தகைய காடுகளுக்கு ஒரு கொள்கை வகுக்கும்படி மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். நீங்கள் சொன்னால் கட்டணம் கொஞ்சம் குறையலாம்.

என் பதினோரு ஏக்கரில் கட்டடம் வரவில்லை. பழைய பதிவேட்டின் நகல் கிடைத்தது, தீர்மானமும் நிறைவேறியது. இடம் தேடிய அலுவலகம் வேறு பக்கம் போய்விட்டது. குறிப்புக் கலம் மட்டும் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. மனு மூன்றாவது வட்டாட்சியரிடம் வந்திருக்கிறது. போன ஜமாபந்தியில் ஓர் இளம் உதவியாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இதை இப்படி எழுதினவர் யாரென்று தெரியவில்லையே ஐயா" என்றார். தெரியும் என்று சொல்லி, அதையும் ஒரு வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்க்கச் சொன்னேன். அதற்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டேன்.